சித்தப்பாவின் ஆட்களைக் காணோம்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கோத்தகிரிப் பக்கம் கணக்கு எழுதுகிறவர்களுக்கு வேலை இரட்டிப்பாகும். பச்சைத் தேயிலை நனைந்து வரும். மூட்டைக்கு இத்தனை கிலோ என்று தண்ணீர்க் கழிவு பிடிக்க வேண்டும். பிடித்தால் இலை கொடுத்தவர் முகம் சுளிப்பார், பிடிக்காவிட்டால் ஃபேக்டரி எடைமேடையில் நமக்கு இடிக்கும். என் சித்தப்பா இலை ஏஜெண்ட். கீழ்கோத்தகிரி போகிற சாலையில் பதினோரு இடத்தில் பிக்கப் வண்டியை நிறுத்தி, அறுபத்துச் சொச்சம் சிறு விவசாயிகளிடம் இலை எடுத்துக்கொண்டு ஃபேக்டரிக்குப் போவார். அவர் பாக்கெட் நோட்டில் கிறுக்கிக்கொண்டு வருவதை ராத்திரி உட்கார்ந்து லேப்டாப்பில் ஏற்றுவது என் வேலை. பத்து வருஷமாகச் செய்கிறேன். 2025 அக்டோபர் கடைசியில், கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்த ஒரு ராத்திரி, திரையின் மூலையில் அந்த அறிவிப்பு மறுபடியும் எட்டிப் பார்த்தது.

விண்டோஸ் 10-க்கு அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்களுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கியது, ஆறாம் தலைமுறை ஐ3 பிராசஸர், 4 ஜிபி ராம். விண்டோஸ் 11 கேட்பது எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல். ஆக, கையெழுத்துக் கோணலாக இருக்கிறது என்று நல்ல பேனாவைத் தூக்கிப் போடச் சொல்வது மாதிரி ஒரு நிலைமை. வீட்டு உபயோகத்துக்கு இன்னும் ஒரு வருஷம், 2026 அக்டோபர் வரை, பாதுகாப்பு அப்டேட் நீட்டித்து வாங்கிக்கொள்ள வழி இருந்தது. அதைச் செய்திருக்கலாம். ஆனால் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த நாள் முதல் பஸ்ஸுக்கு உட்கார்ந்திருப்பது போல எனக்குப் பட்டது.

டவுனில் நான் வழக்கமாகப் போகும் கம்ப்யூட்டர் கடைப் பையனிடம் கேட்டேன். "எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டுப் புதுசு எடுத்துருங்கக்கா" என்றான். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் ஓடும் என்கிறார்களே என்றேன். சிரித்தான். "அது சும்மா கிடைக்கிற சாமான்க்கா. சும்மா கிடைக்கிறதுக்கு யாரு பொறுப்பு?"

பையன் வாய்த்துடுக்கில் சொன்னதுதான். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது காதிலேயே நின்றது. பதில் சொல்லத் தெரியாத கேள்வி அப்படித்தான் நிற்கும்.

பீரோவில் கிடந்த லேப்டாப்

கேள்வி என்னை இவ்வளவு படுத்தியதற்கு இன்னொரு காரணம் பீரோவில் இருந்தது. நான் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப். இலவச லேப்டாப் என்றுதான் ஊரில் சொன்னோம், அரசாணையில் 'விலையில்லா மடிக்கணினி'. 2011-ல் தொடங்கிய திட்டம். அதைத் திறந்தால் இரண்டு பெயர் வரும், விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இந்திய இயங்குதளம். பதினேழு வயதில், ஒரு பைசா செலவில்லாமல், கேட்காமலே, உள்ளே எழுதியிருப்பதை யாரும் பார்க்கலாம், மாற்றலாம் என்கிற திறந்த மூல இயங்குதளம் ஒன்று என் மடியில் வந்து உட்கார்ந்திருந்தது.

ஒரு வாரம் இருந்தது. எங்கள் வகுப்பில் யாரும் அதைத் திறந்து பார்த்த ஞாபகம் இல்லை. 'தேவையில்லாம இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு' என்று ஒரு கடையில் சொன்னார்கள். வரிசையில் நின்று ஆளுக்கு இருநூறு ரூபாய் கொடுத்து அதை அழித்து, எங்கிருந்தோ வந்த ஒரு விண்டோஸைப் போட்டுக்கொண்டோம். இருநூறு ரூபாய் அன்றைக்கு எங்கள் வீட்டில் சின்னத் தொகை இல்லை. ஒழுங்கான ஒன்றை அழிக்கக் காசு, அதற்குப் பதிலாகத் திருட்டுப் பிரதிக்குக் காசு. அப்போது அது எவ்வளவு இயல்பாகத் தோன்றியது என்பதுதான் இப்போது ஆச்சரியம். அந்த வாரம் யாராவது ஒரு டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, 'இதை அழுத்து, என்ன வருதுன்னு பாரு' என்று சொல்லியிருந்தால் போதும். பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகளில் பல வருஷமாக லினக்ஸில்தான் பாடம் நடக்கிறது. அங்கே பிள்ளைகளோடு ஆசிரியர்களுக்கும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார்கள். இங்கே பெட்டியை மட்டும் கொடுத்தார்கள். குறை சொல்வதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலீஷில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காசில்லாததையும் சுதந்திரமானதையும் பிரித்துச் சொல்ல முடியாமல் அவர்கள் தடுமாறுகிறார்கள். 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்க நிரலாளர், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்ததிலிருந்து இந்த விளக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. நமக்கு அந்தச் சிக்கல் இல்லை, இலவசம் வேறு, கட்டற்றது வேறு. சொல் தனித்தனியாக இருந்தும் எங்களுக்கு இலவசம் மட்டும்தான் காதில் விழுந்தது. இலவசமாக வந்ததை இலவசமாகவே தூக்கிப் போட்டோம். சரி, இலவசமாகக்கூட இல்லை, இருநூறு ரூபாய்.

எதை எடுப்பது

முடிவு செய்துவிட்டுத் தேட ஆரம்பித்தால்தான் தெரிகிறது, லினக்ஸ் என்று ஒரு சாமான் கடையில் இல்லை. உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன், ஜோரின், ஆர்ச் என்று போகிறது பட்டியல். ஒவ்வொன்றுக்கும் பக்தர்கள் உண்டு. மூன்று வாரம் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். ஒருவர் மின்ட் என்பார், அடுத்தவர் மின்ட் கிழவர்களுக்கு என்பார், மூன்றாமவர் ஆர்ச் போட்டுவிட்டு இரண்டு நாள் தூங்காததைப் பெருமையாகச் சொல்வார்.

எனக்குப் புரிந்தது எங்கள் தொழில் வழியாகத்தான். லினக்ஸ் என்பது உள்ளே இருக்கிற கெர்னலின், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியின் பெயர். 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்குக்காக ஒன்று செய்துகொண்டிருக்கிறேன், பெரிதாக ஒன்றும் வராது என்று அறிவித்தாரே, அது. அது பச்சை இலை. அதே இலையை ஒரு ஃபேக்டரி சிடிசி-யில் அரைத்துத் தூளாக்கும், இன்னொன்று ஆர்த்தடாக்ஸ் முறையில் சுருட்டி முழு இலையாக விடும். குடிக்கிறவருக்குக் கெட்டி டீ வேண்டுமா, லேசான டீ வேண்டுமா என்பதுதான் கேள்வி, இலை மாறுவதில்லை. ஃபெடோரா புதுசு புதுசாக வரும், ஆனால் ஒரு பதிப்புக்கு ஆதரவு ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல்தான். டெபியன் நிதானம், அஞ்சு வருஷம் வரை கவலையில்லை. உபுண்டுவின் எல்டிஎஸ் என்கிற நீண்டகால ஆதரவுப் பதிப்புகளும் அஞ்சு வருஷம். அந்த எல்டிஎஸ் மேல் கட்டியதுதான் மின்ட். மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு. ஒவ்வொரு பதிப்புக்கும் வில்மா, ஸியா, ஸாரா என்று ஒரு பெண் பெயர் வைக்கிறார்கள். புயலுக்குப் பெயர் வைப்பதைவிடப் பரவாயில்லை.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகும் முடிவெடுக்க முடியவில்லை. தெரியாமல் தப்பான ஒன்றைப் போட்டுவிட்டால்? பத்து வருஷக் கணக்கு போய்விட்டால்? லைவ் யுஎஸ்பி என்று ஒன்று இருக்கிறது, பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், உள்ளே இருக்கிற விண்டோஸைத் தொடவே தொடாது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் படித்தேன். படித்துவிட்டு அதைச் செய்யாமல் இன்னொரு வீடியோ பார்த்தேன்.

கடைசியில் மின்ட்டின் லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை இறக்கத் தொடங்கினேன். ஏறக்குறைய 3 ஜிபி. எங்கள் வீட்டில் நெட் என்றால் போன் ஹாட்ஸ்பாட்தான், நாளைக்கு 1.5 ஜிபி. டவர் இருப்பது சமையலறை ஜன்னலில் மட்டும். மூன்று ராத்திரி அந்த ஜன்னல் விளிம்பில் போனை நிறுத்தி வைத்து, மஞ்சள்தூள் டப்பாவை முட்டுக்கொடுத்து இறக்கினேன். பென்டிரைவில் ஏற்றிப் போட்டால் பாதியில் நின்றுவிட்டது. அப்புறம்தான் செக்சம் என்ற விஷயம் உறைத்தது. இறக்கிய கோப்புக்குக் கணக்குப் போட்டு ஒரு நீள எண் எடுத்து, அவர்கள் தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணோடு ஒத்துப் பார்க்க வேண்டும். சாலையில் நாம் போட்ட எடையும் ஃபேக்டரி எடைமேடை காட்டும் எடையும் ஒத்துவர வேண்டும் என்பது போல. ஒரு எழுத்து மாறினாலும் வழியில் எங்கோ சிந்தியிருக்கிறது என்று அர்த்தம். என்னுடையது முதல் எழுத்திலேயே ஒத்துவரவில்லை. மறுபடி மூன்று ராத்திரி, மஞ்சள்தூள் டப்பா.

வி, ஐ, எல்

இரண்டாவது தடவை ஏறியது. லேப்டாப்பை ஆன் செய்யும்போதே எஃப்12-ஐத் தட்டி, பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு நிமிஷத்தில் திரை வந்துவிட்டது. இடது கீழ் மூலையில் மெனு, வலது கீழே கடிகாரம், வைஃபை. தேடித் தேடிப் பார்த்தும் பயப்பட ஒன்றும் கிடைக்காமல் லேசாக ஏமாந்தேன். சித்தப்பா குளித்துவிட்டு மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "இதுதான் அந்தச் சும்மா சாமானா? நம்ம கணக்கத் திற பார்க்கலாம்" என்றார்.

ஹார்ட் டிஸ்கில் இருந்த அக்டோபர் மாதக் கோப்பைத் திறந்தேன். மின்ட்டோடு வரும் லிப்ரே ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளில் திறந்தது. எடை எண்கள் எல்லாம் சரி. கழிவு சரி. கூட்டுத்தொகை பைசாவுக்குச் சரி. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் சித்தப்பா எண்களைப் பார்க்கவில்லை, முதல் பத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் இருந்த இடத்தில் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் கிடந்தது. 'எடை' என்ற தலைப்பு இருக்க வேண்டிய கட்டத்தில் வி, ஐ, எல் என்று மூன்று எழுத்து. சித்தப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு "வில்" என்று படித்தார். கீழே இருந்த வரிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே இறங்கினார். அறுபத்து மூன்று வரி.

"என்ன கண்ணு, இதுல நம்ம ஆளுங்களையே காணோமே."

காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அதுதான் வேதனை. நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் 'யளனக' அடித்துப் பழகி, தமிழ் லோயர் பாஸ் செய்தவள். அந்த விரல் பழக்கத்துக்கு ஒத்துவருகிறது என்று பத்து வருஷமாகப் பாமினி எழுத்துருவில்தான் பெயர்களை அடித்திருந்தேன். பாமினியில் நடப்பது என்னவென்றால், இங்கிலீஷ் 'வி' எழுத்துக்கு உரிய இடத்தில் 'எ' படத்தையும், 'ஐ' இடத்தில் இணைக்கொம்பையும், 'எல்' இடத்தில் 'ட' படத்தையும் மாட்டி வைத்திருப்பார்கள். எழுத்துரு இருக்கிற கணினியில் எடை. இல்லாத கணினியில் வில். திரையில் நாம் பார்த்தது தமிழ், கோப்புக்குள் இருந்தது என்றைக்குமே தமிழ் இல்லை. விண்டோஸில் அந்த எழுத்துரு இருந்ததால் இத்தனை நாள் முகமூடி கழலவில்லை, அவ்வளவுதான். லினக்ஸ் ஒன்றையும் கெடுக்கவில்லை, உள்ளதை உள்ளபடி காட்டியது.

அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மாசக் கடைசியில் பட்டியலைச் சித்தப்பா போனுக்கு அனுப்பும்போது கோப்பாக அனுப்ப மாட்டேன். லேப்டாப் திரையை என் போனில் போட்டோ பிடித்து அனுப்புவேன். கோப்பாக அனுப்பினால் போனில் 'கன்னாபின்னான்னு' வருகிறது என்று எப்போதோ ஒருமுறை பார்த்துவிட்டு, அதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்து, அதையே வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருந்தேன். ஏன் அப்படி வருகிறது என்று ஒருநாள்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. மின்ட்டா உபுண்டுவா என்று மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட ஆள் இவள்தான்.

அந்த ராத்திரி எளிதான வழி ஒன்று இருந்தது. பாமினி எழுத்துருக் கோப்பை மின்ட்டிலும் நிறுவினால் இரண்டு நிமிஷத்தில் அறுபத்து மூன்று பேரும் திரும்பி வந்துவிடுவார்கள். நிறுவினேன், வந்தார்கள். சித்தப்பா "ஆங், இப்ப சரி" என்று எழுந்து சாப்பிடப் போய்விட்டார். எனக்குத்தான் சரியாகவில்லை. கடைப் பையன் கேட்டானே, யாரு பொறுப்பு என்று. இத்தனை பேருடைய பெயரை ஒரு எழுத்துருக் கோப்பின் தயவில் தொங்கவிட்டு வைத்திருந்ததற்கு யார் பொறுப்பு? எந்தக் கம்பெனியும் இல்லை.

பதினோரு ராத்திரி

எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் உலகப் பொது முறைதான் யூனிகோடு. அதன் முதல் பதிப்பு வந்ததும் 1991-ல்தான், தமிழும் அதில் இருந்தது. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. நான்தான் பின்தங்கி நின்றிருக்கிறேன். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித்தரும் கருவிகள் நிறைய இருக்கின்றன, கட்டற்ற உரிமத்தில் எழுதப்பட்டவையும் உண்டு. ஒட்டினால் ஒரு நொடியில் மாற்றிக் கொடுத்துவிடும். பின்னே பதினோரு ராத்திரி எதற்கு என்றால், என் கையால்.

டைப்ரைட்டிங் காலத்துப் பழக்கம் ஒன்று. 'ர' அடிக்க வேண்டிய இடத்தில் அவசரத்துக்குத் துணைக்காலை அடித்துவிட்டுப் போவேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், காகிதத்தில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். யூனிகோடு கண்டுபிடித்துவிட்டது. எங்கள் பட்டியலில் ராஜு மட்டும் நான்கு பேர். நான்கு பேருமே தலை இருக்க வேண்டிய இடத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டமும் அதன் பக்கத்தில் இரண்டு காலுமாக நின்றார்கள். தாங்க எழுத்து இல்லாமல் கால் தனியாக வந்தால் கணினி அந்தப் புள்ளிவட்டத்தைப் போட்டுத்தான் காட்டும். பத்து வருஷம், நூற்றுச் சொச்சம் கோப்பு. தேடி மாற்றும் வசதியில் பாதி சரியானது, மீதியைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டியிருந்தது. மார்கழிக்குள் முடித்தேன். இடையில் நாலைந்து தடவை கரண்ட் பட்டென்று போனது, பேட்டரியும் செத்துப் பல நாளாகிறது. ஒவ்வொரு தடவையும் மறுபடி கிளம்பிக் கோப்பு அப்படியே இருந்தது. கடைசியாகச் சேமித்த பிறகு அடித்த சில வரிகள்தான் போயின.

தட்டச்சுக்கு விரலை மாற்றிப் பழக வேண்டியிருக்குமோ என்று பயந்தேன். தமிழ்99, ஒலிப்பு முறை இவற்றோடு பழைய டைப்ரைட்டர் அமைப்பும் லினக்ஸில் இருக்கிறது. யளனக அப்படியே. அடிப்பது மட்டும் இப்போது உண்மையிலேயே தமிழ்.

இந்த வேலை முடிந்தபோது எந்த இயங்குதளம் என்ற கேள்வியின் கனம் எங்கோ கரைந்துபோயிருந்தது. கோப்பு எங்கே திறந்தாலும் பெயர் பெயராக வரும் என்றால், மின்ட் பிடிக்காவிட்டால் நாளைக்கு டெபியன், அதுவும் சரிப்படவில்லை என்றால் வேறொன்று. கல்யாணமா என்ன. பரிசோதனைக்குப் பீரோவில் இருந்த பழைய 2 ஜிபி லேப்டாப்பில் டெபியனைப் போட்டுப் பார்த்தேன். மெதுவாகத்தான், ஆனால் ஓடுகிறது. முதலில் வந்தபோது அதற்குள் இருந்ததும் டெபியன் வழி வந்ததுதானே, கிட்டத்தட்ட பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது. கணக்கு லேப்டாப்பில் மின்ட்டையே நிறுவினேன். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. குன்னூரில் என் சிநேகிதி ஒருத்தி மின்ட் வைத்திருக்கிறாள், ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்தால் எடுப்பாள். ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு இரண்டாயிரத்துக்குள் ஒரு எஸ்எஸ்டி மாற்றினேன், வேகம் கூடியதில் பாதிப் பெருமை அதற்குத்தான் சேர வேண்டும்.

பிரிண்டர் இன்னும் படுத்துகிறது. பழைய லேசர் பிரிண்டர், அதன் டிரைவர் லினக்ஸில் ஒருநாள் வேலை செய்தால் மறுநாள் முறைத்துக்கொள்கிறது. பில்களைப் பிடிஎஃப் ஆக்கி டவுனில் பிரிண்ட் போட்டுக்கொள்கிறேன், பக்கத்துக்கு இரண்டு ரூபாய். புதிதாகத் தொடங்குகிறவர்கள் லைவ் யுஎஸ்பியில் ஓட்டும்போதே பிரிண்டரை மாட்டிப் பார்த்துவிடுங்கள், நான் பார்க்கவில்லை. டேலி மாதிரி விண்டோஸுக்கென்றே இருக்கிற மென்பொருளில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இந்த மாற்றம் இவ்வளவு சுலபமாக இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டிசம்பர் மாசப் பட்டியலை முதல்முறையாகக் கோப்பாகவே சித்தப்பா போனுக்கு அனுப்பினேன். பாமினியில் இருந்தவரை வரிசைப்படுத்தச் சொன்னால் இங்கிலீஷ் எழுத்து வரிசையில் என்னத்தையோ அடுக்கும். இப்போது அகர வரிசையில் அழகாக நின்றது. அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன். சித்தப்பா வண்டியிலிருந்தே கூப்பிட்டார். பின்னால் மூட்டை ஏற்றுகிற சத்தம், யாரோ படுகுப் பாஷையில் எடையை மறுபடி பார்க்கச் சொல்லி இரைவதும் கேட்டது.

"பேரெல்லாம் வந்திருச்சு கண்ணு. ஆனா ஆளுங்க இடம் மாறி நிக்கிறாங்களே. முதல் ஸ்டாப்புக்காரரு கடைசில இருக்காரு."

"அகர வரிசைங்க சித்தப்பா."

"அதெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு. எனக்கு வண்டி போற வரிசைல வேணும்."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பெயருக்கு முன்னால் ஒரு புதுப் பத்தியைச் சேர்த்தேன். அவர் சாலையின் ஒவ்வொரு வளைவாகச் சொல்லச் சொல்ல, ஒன்று, இரண்டு என்று அடித்துக்கொண்டே போனேன்.